கர்ப்ப காலச் சிறுநீரகத் தொற்று: வீட்டில் மாத்திரையா, மருத்துவமனையில் ஊசியா?

ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ நடக்கும் கர்ப்பிணிக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. விலா எலும்புக்குக் கீழே முதுகின் ஒரு பக்கம், பெரும்பாலும் வலப்பக்கம், லேசாகத் தட்டினாலே தாங்க முடியாமல் வலிக்கிறது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. சிறுநீரில் சீழணுக்கள் நிறைய இருப்பதாகப் பரிசோதனை காட்டுகிறது. சிறுநீரகத்தில் தொற்று, உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்கிறார் மருத்துவர். அப்போது வீட்டில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல மாத்திரையாக எழுதித் தந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாதா? மூத்த குழந்தையை யார் பார்ப்பது, இரவில் துணைக்கு யார் இருப்பது, செலவு எவ்வளவு ஆகும் என்ற கவலைகள் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கின்றன. அவை நியாயமான கவலைகள். அவற்றை ஒதுக்கிவிடாமல், இந்த நோயின் எந்தக் கட்டத்தில் தேர்வு செய்ய இடம் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் இல்லை என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு மருத்துவமனையே சரியான இடம். காய்ச்சல் இறங்கிய பிறகு சிகிச்சையை எங்கே தொடர்வது, எத்தனை நாள் தொடர்வது, குணமான பிறகு தடுப்பு மாத்திரை எடுப்பதா அல்லது மாதந்தோறும் சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்வதா என்பவற்றில்தான் கர்ப்பிணியும் மருத்துவரும் சேர்ந்து எடைபோட வேண்டிய உண்மையான மாற்று வழிகள் உள்ளன.

கர்ப்பமாக இல்லாத ஒரு இளம் பெண்ணுக்கு இதே தொற்று வந்து, வாந்தியும் இல்லையென்றால், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது பல நாடுகளில் வழக்கம்தான். கர்ப்பிணிக்கு அப்படிச் செய்யத் தயங்குவதற்குக் காரணம் அவர் உடலில் நடந்திருக்கும் மாற்றங்கள். கர்ப்பத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களின் தசையைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை அதே குழாய்களை இடுப்பெலும்பின் விளிம்பில் வைத்து அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்து சிறுநீரை மேலேயே தேங்க வைக்கின்றன. கருப்பை சற்று வலப்புறமாகத் திரும்பியிருப்பதால் வலக் குழாய் கூடுதலாக விரிந்துவிடுகிறது. வலப்பக்கச் சிறுநீரகத்தில் தொற்று அதிகம் வருவது இதனால்தான். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இந்தத் தொற்று வருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது முதல் மூன்று மாதங்கள் கடந்த பிறகே வருகிறது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் காரணமாக இருப்பது ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது நம் எல்லோர் குடலிலும் வாழ்வது. பெண்ணின் உடலமைப்பாலும் கர்ப்பத்தின் மாற்றங்களாலும் அதற்கு மேலே ஏற வழி கிடைக்கிறது. ஆகவே இதைச் சுத்தக் குறைவால் வந்த நோய் என்று கருதி அந்தப் பெண்ணைக் குறை கூறுவது உண்மைக்கும் மாறானது, அவர் மனத்தையும் வீணாக நோகடிப்பது.

சிறுநீர்ப்பையில் மட்டும் இருக்கும் தொற்றையும் சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்றையும் பிரித்தறிவதில்தான் முதல் முடிவு தங்கியிருக்கிறது. நீர்க்கடுப்பு, எரிச்சல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீர் பிரிதல், அடிவயிற்றில் வலி ஆகியவை மட்டும் இருந்து காய்ச்சல் இல்லை என்றால் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது. அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் மாத்திரை, வீட்டிலிருந்தபடியே, போதும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது, குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் அது சிறுநீரகத் தொற்றாகவே கருதப்பட வேண்டும். கர்ப்பத்தில் இடுப்பு வலிப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இயல்பு என்பதால் இந்த அறிகுறிகள் எளிதில் தட்டிக் கழிக்கப்படுகின்றன. ஆனால் காய்ச்சல் கர்ப்பத்தின் இயல்புகளில் ஒன்றல்ல. எரிச்சல் ஏதும் இல்லாமலே காய்ச்சலும் முதுகு வலியுமாக மட்டும் சிறுநீரகத் தொற்று தொடங்குவதும் உண்டு. தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் குளிர் காய்ச்சல் என்றதும் டெங்கு, மலேரியா, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றை நினைப்பது சரியே. அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையோடு சிறுநீர்ப் பரிசோதனையும் அதே நாளில் செய்யப்பட வேண்டும்.

இனி முதன்மையான ஒப்பீட்டுக்கு வருகிறேன். வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று சொல்வோரிடமும் சான்று இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 24 வாரம் நிறையாத 120 கர்ப்பிணிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்குத் தசையில் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டு, பிறகு செஃபலெக்சின் மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், வாந்தி இல்லாத, நிலை கடுமையாகாத கர்ப்பிணிக்கு முதல் தேர்வாகச் செஃபலெக்சின் மாத்திரை ஏழு முதல் பத்து நாள் என்று இடம்பெற்றிருக்கிறது. மாறாக, அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2023-இல் வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை, கர்ப்பிணியின் சிறுநீரகத் தொற்றை உள்நோயாளியாகச் சேர்த்து, ஊசி மருந்தில் தொடங்கியே சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறது.

இந்த இரண்டு நிலைகளும் முரண்படுவது போலத் தோன்றினாலும், வீட்டுச் சிகிச்சைக்கு அவை விதிக்கும் நிபந்தனைகளைக் கவனித்தால் இடைவெளி குறைகிறது. 1995 ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 24 வாரத்துக்கு உட்பட்டவர்கள். அவர்களுக்கும் மாத்திரைக்கு முன் ஊசி போடப்பட்டது. அன்றைய ஈ.கோலை அந்த ஊசிக்கு அடங்கியது. இன்றைய இந்தியாவில் அந்த உறுதி இல்லை: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்ணுயிர் எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், பெரிய மருத்துவமனைகளில் பிரித்தெடுக்கப்படும் ஈ.கோலையின் பெரும்பகுதி செஃப்ட்ரையாக்சோன் அடங்கிய மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளுக்கு அடங்காததாகவே தொடர்ந்து காணப்படுகிறது. பெரிய மருத்துவமனைகளுக்கு வருவோர் ஏற்கெனவே பல மருந்துகள் எடுத்தவர்கள் என்பதால், ஊரில் முதன்முறையாகத் தொற்று வரும் பெண்ணின் நிலை அதைவிட மேம்பட்டதாக இருக்கக்கூடும். ஆயினும் கொடுத்த மருந்து வேலை செய்யும் என்று முதல் நாளில் யாராலும் உறுதி கூற முடியாது. அது வேலை செய்யவில்லை என்பதை உடனே கண்டுகொள்ளும் இடத்தில் அவர் இருக்க வேண்டும் என்பதே மருத்துவமனைச் சேர்க்கைக்கு இங்குள்ள மிக வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன்.

மற்றக் காரணங்களும் இலேசானவை அல்ல. சிறுநீரகத் தொற்று வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்குப் பாக்டீரியா இரத்தத்திலேயே கலந்துவிட்டிருக்கும். கிருமியின் நச்சு சிவப்பணுக்களைச் சிதைப்பதால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இரத்தசோகை கூடுகிறது. நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேர் இரத்தசோகையுடனேயே இருக்கும்போது இது சிறிய செய்தியல்ல. சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை தற்காலிகமாகக் குறைகிறது. மிகவும் அஞ்ச வேண்டியது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வருவது. அது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள், காய்ச்சல் இறங்கப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வருகிறது. காய்ச்சலாலும் நச்சாலும் கருப்பை சுருங்கத் தொடங்கிக் குறைமாதப் பிரசவ வலி எழுவதும் உண்டு. இவை ஒவ்வொன்றும் முதலில் நாடித்துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றில்தான் தெரியும். நிமிடத்துக்கு 25 முறைக்கு மேல் மூச்சு வாங்குவதையோ, மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்குவதையோ வீட்டில் யாரும் இரவு இரண்டு மணிக்குக் கவனிக்கப்போவதில்லை.

மருத்துவமனையிலும் கவனக்குறைவுக்கு இடமுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நீர்ச்சத்துக் குறைந்திருக்கிறது என்று டிரிப்ஸ் பாட்டில்களை அளவின்றி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுகிறது. பிரசவ வலியை நிறுத்தும் சில மருந்துகளும் அதே ஆபத்தைக் கூட்டுகின்றன. உள்ளே ஏறும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் குறித்து வைக்கிறார்களா என்று துணைக்கு இருப்பவர் கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

மூன்றாவது வழி ஒன்றும் நம் ஊர்களில் நடைமுறையில் இருக்கிறது: தினமும் கிளினிக்கிற்குப் போய் ஒரு வேளை செஃப்ட்ரையாக்சோன் போட்டுக்கொண்டு வீடு திரும்புவது. மருந்தளவில் இது குறைபட்டதல்ல; அந்த மருந்தை நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். ஆனால் இது முதல் நாளுக்கு உரிய வழியல்ல, மூன்றாம் நாளுக்கு உரிய வழி. 24 முதல் 48 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, வாந்தி நின்று, வலி குறைந்து, கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை) முடிவும் அந்த மருந்துக்குச் சாதகமாக வந்துவிட்டால், மீதி நாட்களை இவ்வாறோ மாத்திரையாகவோ முடிக்கலாம். மூத்த குழந்தையை நினைத்துத் தவிக்கும் தாய்க்கு நான் இதையே சுட்டிக்காட்டுவேன்: பெரும்பாலும் பிரிந்திருக்க வேண்டியது இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே.

எந்த மருத்துவமனை என்ற கேள்வியில் அரசு, தனியார் என்ற வேறுபாட்டைவிட, இரவிலும் மகப்பேறு மருத்துவர் இருக்கிறாரா, ஆய்வகம் இயங்குகிறதா, குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் பிரிவு உள்ளதா என்பவையே முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டு, சிறுநீர் மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புவதே நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சீமாங் மையங்கள் அவசர மகப்பேற்றையும் பச்சிளங்குழந்தையையும் இருபத்து நான்கு மணி நேரமும் கவனிப்பதற்காகவே ஏற்படுத்தப்பட்டவை. 108 ஆம்புலன்ஸ் அங்கு கொண்டு சேர்க்கும். செலவுக்கு அஞ்சி வீட்டில் தங்குவதைவிட, அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சேர்வது எல்லா வகையிலும் மேலானது.

மருந்தைத் தொடங்குவதற்கு முன் கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுப்பதா, மருந்தைத் தொடங்கிவிட்டு, குறையாவிட்டால் கல்ச்சர் எடுப்பதா என்பது அடுத்த ஒப்பீடு. இரண்டாவது வழி பணத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே சிறுநீரில் கிருமி வளராமல் போகக்கூடும். பிறகு எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அறிய வழியே இருக்காது. சிறுநீர் பிடிக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். பிடித்த உடனே மருந்தைத் தொடங்கலாம், முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் மேசை மேல் நின்ற மாதிரியில் எல்லாக் கிருமிகளும் பெருகிப் பொய்யான முடிவைத் தரும். வளர்ந்த கிருமி எது என்பதும், அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். மருந்துக்கடையில் அறிகுறியைச் சொல்லி இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் பார்ப்பது இந்த வாய்ப்பைக் கெடுக்கும் மிகச் சாதாரணமான வழி. செஃபிக்சிம் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது.

மருந்துகளுக்குள் எது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆயினும் ஏன் ஒன்று கொடுக்கப்படுகிறது, ஏன் மற்றொன்று கொடுக்கப்படுவதில்லை என்பதை அறிந்திருப்பது அச்சத்தைக் குறைக்கும். செஃப்ட்ரையாக்சோன் நீண்ட காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வரும், பாதுகாப்பு நன்கு அறியப்பட்ட ஊசி. ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்த பழைய முறையும் பல இடங்களில் தொடர்கிறது. ஆம்பிசிலினை மட்டும் தனியாகக் கொடுப்பது இன்று பயனற்றது, ஏனெனில் ஈ.கோலையில் பெரும்பாலானவை அதற்கு அடங்குவதில்லை. ஜென்டாமைசின் வகை மருந்துகளில் கருவின் செவி நரம்பு பற்றிய அச்சம், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசினை நெடுநாள் கொடுத்த அனுபவத்திலிருந்து வந்தது. சில நாள் மட்டும், தாயின் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துக் கொடுக்கும்போது ஆபத்து மிகக் குறைவு என்றாலும், செஃப்ட்ரையாக்சோன் போதுமான இடத்தில் அதையே நான் விரும்புவேன். கல்ச்சர் அறிக்கையில் இஎஸ்பிஎல் என்று எழுதியிருந்தால், கிருமி செஃபலோஸ்போரின்களைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறது என்று பொருள். அப்போது மெரோபெனம் போன்ற ஊசிக்கு மாற வேண்டியிருக்கும். அது விலை கூடியது, நாளுக்கு மூன்று முறை ஏற்ற வேண்டியது. ஆனால் கர்ப்பத்தில் தேவைப்படும்போது கொடுக்கத் தயங்க வேண்டிய மருந்தல்ல. முதல் நாளிலேயே எல்லோருக்கும் மெரோபெனம் கொடுப்பது வேறு; கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாக இருக்கும் நிலையிலும், முன்பே இத்தகைய கிருமி வளர்ந்த வரலாறு உள்ளவரிடத்திலும் மட்டும் அது நியாயம்.

நைட்ரோஃப்யூரன்டாயினும் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்துகள். அவை சிறுநீரில் செறிந்து நிற்கின்றன, சிறுநீரகத் திசுவிலும் இரத்தத்திலும் போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே காய்ச்சல் இருக்கும் நிலையில் அவற்றை நம்பியிருப்பது வீணாக நாளைக் கடத்துவது. வீட்டில் மிச்சமிருக்கும் நைட்ரோஃப்யூரன்டாயின் பட்டையைக் காய்ச்சலுக்கு எடுத்துக்கொள்வது இவ்வகையில் உண்மையான ஆபத்து. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பமும் டாக்ஸிசைக்ளினும் கர்ப்பத்தில் தவிர்க்கப்படுகின்றன. முன்னது வளரும் குருத்தெலும்பு பற்றிய கவலையால், பின்னது குழந்தையின் பற்களையும் எலும்பையும் பாதிப்பதால். கோட்ரைமாக்சசோல், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால் முதல் மூன்று மாதத்திலும், பிறக்கும் குழந்தைக்கு மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடும் என்பதால் கடைசி வாரங்களிலும் தவிர்க்கப்படுகிறது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் ஊசியோ மாத்திரையோ வேண்டாம்; 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் எச்சரித்தது. முதுகு வலிக்கு என்று சொல்லிச் சாதாரணமாகப் போடப்படும் ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காகவே இருப்பதால், பெயரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சரியான மருந்து என்றால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். 72 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய அனைவருக்கும் இறங்கும். முதல் நாள் இரவில் மீண்டும் ஒருமுறை நடுக்கம் வந்தது என்பதற்காக மருத்துவமனையை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரண்டு காரணங்களைத் தேட வேண்டும்: கிருமி மருந்துக்கு அடங்காதது, அல்லது சிறுநீர் வெளியேற முடியாமல் கல்லோ சீழ்க்கட்டியோ அடைத்திருக்கிறது. அப்போது ஸ்கேன் அவசியம். கர்ப்பத்தில் வலச் சிறுநீரகம் சற்று வீங்கியிருப்பது இயல்பாகவே காணப்படுவதால், ஸ்கேன் அறிக்கையில் லேசான வீக்கம் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. வீக்கம் கடுமையாக இருந்து, கல்லும் தெரிந்து, காய்ச்சலும் நீடித்தால் கதை வேறு. தேங்கிய சீழ்நீரைச் சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைத்தோ, முதுகு வழியாக மெல்லிய குழாய் செருகியோ வெளியேற்றாமல் எந்த ஊசியும் பயன் தராது. இரண்டில், உள்ளே வைக்கும் ஸ்டென்ட் அன்றாட வாழ்க்கைக்கு வசதியானது. ஆனால் கர்ப்பத்தில் அதன் மேல் உப்புப் படிவது வேகமாக நடப்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பிரசவத்துக்கு இன்னும் பல மாதம் இருக்கும் பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லி முடிவெடுக்க வேண்டும்.

மொத்த சிகிச்சை, ஊசியும் மாத்திரையும் சேர்த்து, அமெரிக்க அறிக்கையின்படி 14 நாள். பிரிட்டன் வழிகாட்டுதல் ஏழு முதல் பத்து நாள் போதும் என்கிறது. கல்ச்சர் முடிவு சாதகமாக இருந்து விரைவில் குணமானவருக்குப் பத்து நாள் போதுமானதாக இருக்கலாம். தாமதமாகக் குணமானவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் 14 நாளே பொருத்தம். காய்ச்சல் நின்ற நாளிலேயே மாத்திரையை நிறுத்துவது மட்டும் எந்த வழிகாட்டுதலிலும் இல்லை. முடிந்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மறு கல்ச்சர் எடுத்துக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். நலமாக இருக்கும்போது எதற்குச் செலவு என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் முழுச் சிகிச்சையிலும் விடக் கூடாத பரிசோதனை இதுவே, ஏனெனில் அடுத்த முடிவு இதன் மேல்தான் நிற்கிறது.

ஒருமுறை சிறுநீரகத் தொற்று வந்த கர்ப்பிணிக்கு, தடுப்பு ஏதும் இல்லாவிட்டால், அதே கர்ப்பத்தில் மீண்டும் சிறுநீரில் தொற்று வரும் வாய்ப்பு கணிசமானது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சிகிச்சை முடிந்ததிலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய நான்கு முதல் ஆறு வாரம் வரை தினமும் இரவில் ஒரு மாத்திரை: நைட்ரோஃப்யூரன்டாயின் 100 மில்லிகிராம், அல்லது செஃபலெக்சின் 250 முதல் 500 மில்லிகிராம். மற்றொன்று, மாத்திரை இல்லாமல் மாதம் ஒருமுறை கல்ச்சர் எடுத்து, கிருமி தெரிந்த உடனே சிகிச்சை செய்வது. முதல் வழி எளிது, மறதிக்கு இடம் குறைவு. ஆனால் பல மாதம் ஆன்டிபயாட்டிக் எடுப்பதால் அடங்காத கிருமிகள் தலைதூக்கக்கூடும், வயிற்றுத் தொல்லையும் வெள்ளைப்படுதலும் சிலருக்கு வரும். 38 வாரத்தை நெருங்கும்போது, குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையும் அபாயத்தால் நைட்ரோஃப்யூரன்டாயினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர் அதைத் தொடங்கவே கூடாது. இரண்டாவது வழியில் தேவையற்ற மருந்து இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் நம்பத்தக்க ஆய்வகம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முடிவு கைக்கு வந்ததும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நகரத்தில் வசித்து, பரிசோதனைகளை ஒழுங்காகச் செய்துகொள்ளும் பெண்ணுக்கு, முதல்முறை தொற்று என்றால், மாதாந்தரக் கண்காணிப்பு தகும். ஆய்வகத்துக்கு முப்பது கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியவருக்கும், இரண்டாம் முறை தொற்று வந்தவருக்கும், நீரிழிவோ கல்லோ உள்ளவருக்கும் இரவு மாத்திரையே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக எடுக்கக்கூடிய ஒரு முடிவும் உண்டு. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000-க்கு மேல் கிருமிகள் இருக்கும். இவர்களைச் சிகிச்சை இன்றி விட்டால் நால்வரில் ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்று வரும் என்று பழைய ஆய்வுகள் கணித்தன. 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அந்த அளவு நூற்றுக்கு 2.4 மட்டுமே இருந்தது; கிருமி இல்லாதவர்களுக்கு 0.6. நீரிழிவு போன்ற சிக்கல் இல்லாத, நன்கு கண்காணிக்கப்பட்ட பெண்களிடம் எடுத்த கணக்கு அது. அதைக் காட்டி இங்கும் பரிசோதனையே தேவையில்லை என்று வாதிடுவதை நான் ஏற்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் 2016 வழிகாட்டுதல், நடுநீர்க் கல்ச்சரில் கிருமி தெரிந்தால் ஏழு நாள் மருந்து கொடுக்கச் சொல்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை கல்ச்சர் எடுத்துக்கொள்வது, பின்னால் ஊசியும் படுக்கையுமாக முடியக்கூடிய நோய்க்குச் செலுத்தும் மிகச் சிறிய விலை. ஒவ்வொரு செக்கப்பிலும் பார்க்கப்படும் ஆல்புமின், சர்க்கரைப் பரிசோதனை இதைக் காட்டாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதேபோல, சீழணுக்கள் ஐந்தாறு என்று அறிக்கையில் இருப்பதை மட்டும் வைத்து மருந்து எடுப்பதும் தவறு. கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கலந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். கல்ச்சரில் ஒரே கிருமி போதிய அளவு வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பல கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் மாதிரியை மீண்டும் கொடுக்க வேண்டும்.

பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு ஆகியவை நீர்ச்சத்துக்கு நல்லவை. மருந்தோடு சேர்த்துக் குடிப்பதில் பெரும்பாலோருக்குத் தடையில்லை, கர்ப்ப கால நீரிழிவு உள்ளவர் இளநீரின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகத் திசுவில் நுழைந்துவிட்ட கிருமியை அவை அழிப்பதில்லை. மூலிகைக் கஷாயங்களில் பலவற்றின் பாதுகாப்பு கர்ப்பத்தில் அறியப்படாதது. காய்ச்சல் உள்ள நாளில் அவற்றைக் குடித்துக் காத்திருப்பது மாற்று வழிகளில் ஒன்றாகவே கருதத்தக்கதல்ல.

பிரசவத்துக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையுடன் கல்ச்சர் அறிக்கைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். கர்ப்பத்தின் எந்த மாதத்திலாவது சிறுநீரில் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தால், அப்போதே சிகிச்சை முடிந்திருந்தாலும், குழந்தைக்குத் தொற்றாமல் இருக்கப் பிரசவ வலியின்போது மீண்டும் பென்சிலின் வகை ஊசி தேவைப்படும். அந்த அறிக்கையைக் காட்டாவிட்டால் பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை. இரவு மாத்திரை எடுத்தவர்கள், பாலூட்டும் காலத்தில் எந்த மருந்தைத் தொடர்வது என்று குழந்தை மருத்துவரையும் கேட்க வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கும், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கு நைட்ரோஃப்யூரன்டாயினுக்குப் பதிலாகச் செஃபலெக்சின் தருவதே வழக்கம். கர்ப்பத்தில் இரண்டு முறை சிறுநீரகத் தொற்று வந்தவர், பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். குழாய்களின் வீக்கம் அதற்குள் வடிந்திருக்கும் என்பதால், கல்லோ பிறவியிலேயே அமைந்த குறையோ இருந்தால் அப்போது தெளிவாகத் தெரியும்.